சங்கத் தலைவர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்? – வாசகர் கேள்வி, தோல் மருத்துவர் பதில்

போன இதழில் படர்தாமரை பற்றி எழுதும்போது, தோல் மருத்துவர்களின் அகில இந்திய சங்கமான ஐஏடிவிஎல் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: அதன் தலைவரை எடைபோட, அவர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று பாருங்கள் என்று. நோயைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவைதான் அதிகம். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம்.

என் மகள் தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்திருக்கிறாள். சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேர வேண்டும் என்கிறாள். அது அரசாங்கப் பதிவா? சேராவிட்டால் தொழில் பார்க்க முடியாதா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

தாராளமாகப் பார்க்கலாம், ஐயா. தொழிலுக்குத் தேவையான பதிவு மாநில மருத்துவ கவுன்சிலில் செய்வது, எம்.டி. பட்டத்தையும் அங்கேயேதான் பதிந்துகொள்ள வேண்டும். ஐஏடிவிஎல் என்பது தோல் மருத்துவர்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்தும் சங்கம், யாருடைய உரிமத்தையும் கொடுக்கவோ பிடுங்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. தனித்தனியாக இயங்கிவந்த இரண்டு சங்கங்கள் 1973இல் ஒன்றாகி உருவானது இது. தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே பட்டமாகப் படிக்கிறோம் என்பதால் மூன்றும் அதன் பெயரிலேயே இருக்கின்றன: இந்தியன் அசோசியேஷன் ஆஃப் டெர்மடாலஜிஸ்ட்ஸ், வெனரியாலஜிஸ்ட்ஸ் அண்ட் லெப்ராலஜிஸ்ட்ஸ். அதன் ஆய்விதழுக்குச் சங்கத்தைவிட வயது அதிகம். 1935இல் பம்பாயில் டாக்டர் யு.பி. நாராயண ராவ் பால்வினை நோய்களுக்கென்று தொடங்கிய இதழ்தான் பலமுறை பெயர் மாறி இன்று ஐஜேடிவிஎல் என்று வருகிறது.

மகளைச் சேரச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து தனியாக ஒரு கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாறு வருடத்தில் படித்தது பழசாகிவிடும், பிடிபடாத ஒரு கேஸை யாரிடம் காட்டுவது என்றும் தெரியாது. அந்தத் தனிமைக்கு எனக்குத் தெரிந்த மருந்து சங்கத்தின் மாநிலக் கிளைதான்.

நான் ஒரு சிறிய கல்லூரியில் முதுநிலை இரண்டாம் ஆண்டு. துறையில் ஆசிரியர்கள் குறைவு. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப், லேசர் எல்லாம் மாநாட்டில்தான் பார்க்கிறேன். அமெரிக்காவில் தோல் மருத்துவர்களுக்குத் தலைமைப் பயிற்சியே தனியாகத் தருகிறார்களாம். எங்களுக்கு யார் தருவார்கள்?
– மாணவி, தென் மாவட்டம்

அமெரிக்க விஷயம் உண்மைதான். 1938இல் தொடங்கிய அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மடாலஜி, தலைமைப் பயிற்சிக்கென்றே 'லீடர்ஷிப் இன்ஸ்டிடியூட்' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. இளைய மருத்துவரை ஒரு மூத்தவரிடம் ஒப்படைத்து, அவர் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ள வைக்கும் திட்டங்களும் உண்டு. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூத்தவர்–இளையவர் ஏற்பாட்டைத்தான். மற்றதெல்லாம் பணம் இருந்தால் யாரும் நடத்தலாம்.

இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம், அம்மா. ஆண்டுக்கு ஒருமுறை டெர்மாகான் என்கிற தேசிய மாநாடு, மண்டல அளவில் டெர்மாசோன், மாநிலக் கிளைகளின் மாநாடுகள், அப்புறம் வேறொரு மையத்தில் போய்ச் சில நாள் கூடவே இருந்து பார்க்கும் அப்சர்வர்ஷிப், மாணவர்களுக்கான வினாடி வினா, ஆய்வுக்கும் பயணத்துக்கும் உதவித்தொகை என்று சங்கத்தில் வழிகள் இருக்கின்றன. இவற்றுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய நகரத்துக் கல்லூரி மாணவர்கள்தான். காரணம் எளிது, அவர்களுடைய பேராசிரியர்கள் கடைசித் தேதியை ஞாபகப்படுத்துகிறார்கள். உன் துறையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நீயே ஞாபகம் வைத்துக்கொண்டு, உன் ஜூனியருக்கும் சொல்.

ஆனால் தலைமைப் பயிற்சி என்று நீ கேட்பது உண்மையில் எங்கே கிடைக்கும் தெரியுமா? கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில். ஒரு கேஸ் காட்டுகிறோம் என்றால் முதலில் அந்த நோயாளியிடம் பேச வேண்டும். எத்தனை மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள், எந்த இடத்தில் துணியை விலக்க வேண்டியிருக்கும், போட்டோ எடுப்போமா மாட்டோமா என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பஸ் செலவையும் மத்தியானச் சாப்பாட்டையும் நீதான் ஏற்பாடு செய்யணும். தடுப்புக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து, ஆட்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பி, பெண் நோயாளி என்றால் கூடவே ஒரு பெண் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, விவாதம் தொடங்குவதற்குள் அவரை வேறு அறைக்கு அனுப்பிவிட வேண்டும். தன் காதுபடத் தன் நோயைப் பற்றி நாற்பது பேர் விவாதிப்பதை எந்த மனிதரும் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடத்தில் கேஸைச் சொல்லி முடித்து, மூத்தவர் ஒருவர் 'நீ சொல்கிற லூப்பஸ் நோய் இது இல்லை' என்று எழுந்தால் பதறாமல் பயாப்ஸி ஸ்லைடைப் போட்டுக்காட்டத் தெரிய வேண்டும். இதைச் சில தடவை பொறுப்பெடுத்துச் செய்தவருக்கு ஒரு மாநாட்டை நடத்தவும் வரும், ஒரு துறையை நடத்தவும் வரும்.

லேசரை நினைத்துக் கவலைப்படாதே, அது பிறகு வரும். முதலில் கே.ஓ.எச். பரிசோதனையை, அதாவது தோல் செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுப் பூஞ்சையைத் தேடுவதை, கையில் பழக்கு. படர்தாமரை வளையத்தின் நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. செதில் இருக்கும் ஓரத்தில் 15ஆம் நம்பர் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, ஸ்லைடில் 10 சதவீதக் கரைசலை விட்டு, கவர்ஸ்லிப் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார். பூஞ்சை இழைகள் தெரியும். இதற்கு ஆசிரியர் பற்றாக்குறை ஒரு தடையே இல்லை. இதைத் தானாகச் செய்யாமலேயே எம்.டி. வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

மருத்துவர் சங்கத்தால் எங்களைப் போன்ற நோயாளிகளுக்கு என்ன லாபம்? எல்லாம் அவர்களுக்குள்ளேதானே?
– இல்லத்தரசி, சேலம்

நியாயமான கேள்வி. முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் களிம்பு இருக்கிறதே, அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும், பரு கிளம்பும், சிலருக்கு ரோமம் வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவார்கள். தோல் மருத்துவர் ஒவ்வொருவரும் தன் அறையில் இதைத் தனியாகப் பார்த்துத் தனியாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பல மையங்களில் இருந்தவர்கள் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள் என்று 2011இல் சங்கத்தின் இதழிலேயே வெளியானது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அதன் பிறகு சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்து, அரசிடம் விடாமல் எழுதியது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது.

கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். கிடைக்கிறதுதான், அம்மா. படர்தாமரைக்கும் இதே ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவி, இன்று வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சையோடு வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். 2020இல் அந்த வகைப் பூஞ்சைக்கு டிரைகோபைட்டான் இண்டோடினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள், இந்தியாவின் பெயரோடு. சட்டம் வந்துவிட்டது, இனி மருந்துக்கடைக்காரர்களோடும் கிராம சுகாதார செவிலியர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டியது மாவட்டம் மாவட்டமாக இருக்கும் உறுப்பினர்களின் வேலை. இதற்குச் சங்கத் தலைமை உறுப்பினர்களைப் பழக்க வேண்டும் என்று நான் கிடைக்கிற மேடையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் எம்.பி.பி.எஸ். மட்டும். முடி மாற்று சிகிச்சைக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம், முடிவில் சான்றிதழ் என்கிறார்கள். போதுமா?
– மருத்துவர், கோவை

போதாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, பயிற்சி முகாமிலோ யூடியூபிலோ பார்த்தது இந்தச் சிகிச்சையைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று சொல்லிவிட்டது. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் நோயாளி சரிந்தால் அந்தச் சான்றிதழ் உங்களுக்கும் உதவாது, அவருக்கும் உதவாது. முகாம் நடத்துகிறவர்களில் தோல் மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. சங்கம் அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இருபது வருட உறுப்பினர் நான். தேர்தல் வந்தால் வாட்ஸ்அப்பில் வாக்குறுதி, விருந்து. முடிந்தால் அவரவர் வேலை. இந்தத் தலைவர்களால் பயிற்சி எப்படி முன்னேறும்?
– தோல் மருத்துவர், விழுப்புரம் பக்கம்

உங்கள் கோபம் எனக்கும் உண்டு, டாக்டர். அமைப்பையும் கொஞ்சம் பாருங்கள். தலைவர் பதவி ஒரே ஒரு வருடம். அதற்கு முந்தைய வருடமே அவரைத் தேர்ந்தெடுத்து உடன் இருத்திப் பழக்குகிறோம், பொதுச் செயலாளருக்கு இரண்டு வருடம். ஒரு வருடத்தில் ஒரு தலைவரால் புதிதாக ஒன்றைத் தொடங்கி வைக்க முடியும், வளர்க்க முடியாது. அதனால்தான் ஒவ்வொருவரும் தன் பெயர் சொல்ல ஒரு திட்டத்தை அறிவிக்கிறார், அடுத்தவர் வந்து அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றை அறிவிக்கிறார். ஸ்டீராய்டு பணிக்குழு பலன் தந்ததற்குக் காரணம், தலைவர்கள் மாறினாலும் அதில் வேலை செய்தவர்கள் ஓடிப்போகவில்லை. வேட்பாளரிடம் புதிதாக என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், முன்னவர் தொடங்கியதில் எதைத் தொடர்வீர்கள் என்று கேளுங்கள். அவர் துறையில் படித்த மாணவர்கள் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பேச்சைவிட அது நிறையச் சொல்லும்.

2022இல் ரஷ்மி சர்க்கார், 2025இல் ராஜேதா தமிசெட்டி என்று பெண்களும் தேசியத் தலைவர்களாக இருந்தார்கள். தோல் மருத்துவம் படிக்க வருகிறவர்களில் பெண்கள் அவ்வளவு அதிகமாக இருக்கும்போது மாவட்ட, மாநிலக் கிளைப் பொறுப்புகளில் அவர்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா? கூட்டத்தை ராத்திரி எட்டரைக்கு ஹோட்டலில் வைத்தால் கைக்குழந்தை உள்ள மருத்துவர் எப்படி வருவார்? ஞாயிறு காலையில் மருத்துவக் கல்லூரி அரங்கில் வையுங்கள், செலவும் குறையும்.

விருந்து பற்றிச் சொன்னீர்கள். மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்று மருத்துவர்களுக்கு 2009இலேயே விதி வந்தது. சங்கங்களையும் கட்டுப்படுத்திய அந்த விதியிலிருந்து 2016இல் சங்கங்களை மட்டும் விலக்கிவிட்டார்கள். 2023இல் கொண்டுவந்த கடுமையான புதிய விதிகளோ அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. ஆக, ஒரு மருத்துவர் தனியாக வாங்கக் கூடாத பணத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்கலாம் என்ற நிலை. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. பேச்சாளரையும் தலைப்பையும் நிறுவனம் முடிவு செய்யும் அமர்வு பயிற்சியே அல்ல, விளம்பரம். சந்தாவைக் கொஞ்சம் கூட்டினாலும் பரவாயில்லை, மாணவர் அமர்வுகளையாவது நம் சொந்தக் காசில் நடத்த வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நானும் கையெழுத்திடுகிறேன்.

தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே, அதற்கு இன்னும் பயிற்சி எதற்கு?
– கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை

ஒழியவில்லை, தம்பி. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா எட்டிய இலக்கை எல்லோரும் 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரம் கண்டுபிடிக்கத் தெரிந்த மருத்துவர்தான் வேண்டும், அங்கேதான் பயிற்சி தேய்ந்துகொண்டு வருகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூருக்கு அருகில் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையம் இருக்கிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மறுபடி வேலை செய்ய வைத்த மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில்தான் அதைச் செய்தார். அப்படிப்பட்ட மண்ணில் படிக்கும் எம்.டி. மாணவர், தொழுநோய் தாக்கினால் தடிக்கும், முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை இரண்டு கையிலும் தொட்டு ஒப்பிட்டு, தடித்திருக்கிறதா என்று சொல்லத் தெரியாமல் தேர்வுக்கு வருகிறார். கையை லேசாக மடக்கி, விரல் நுனியால் மெதுவாக உருட்டி, வலிக்கிறதா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொட வேண்டும். அதைப் படத்தில் கற்க முடியாது, தொட்டுக் காட்டுகிற ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். நரம்பு வீங்கிய ஆரம்பத்திலேயே பிடித்தால் விரல்களைக் காப்பாற்றிவிடலாம், விட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்பாது.

இதற்குச் சங்கம் மாநாட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பத்தாது. மாவட்டம்தோறும் தொழுநோய் துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, வீடு வீடாகப் போய்ப் பழகிய களப்பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். முதுநிலை மாணவர்கள் இப்போது மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிசெய்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாளை இந்தக் களப்பணியாளர்களோடு கழிக்கும்படி துறைத் தலைவர்கள் எழுதிக் கொடுத்தாலே போதும், தனியாக நிதி எதுவும் வேண்டியதில்லை. எங்கள் மாநிலக் கிளைக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். இதைப் படிக்கும் துறைத் தலைவர்கள் கிளையின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.