வீட்டை வடிவாக்க ஐடியா எங்க தேடுறது? உங்கட கேள்விகளும் என்ர பதில்களும்

கேர்ட்டினும் குஷன் கவரும் தைக்கிறதுதான் என்ர தொழில், 20 வருசத்துக்கு மேல ஆச்சு. அளவு எடுக்க வீடு வீடாப் போறதால கொழும்புப் பக்கம் வத்தளையில இருந்து தெஹிவளை வரைக்கும் கனபேரின்ர ஹோல், அறை, குசினி எல்லாம் பார்த்தாச்சு, போற இடமெல்லாம் "ஒரு ஐடியா சொல்லுங்கோவன்" எண்டு கேக்காத ஆளில்லை. போன கிழமை கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டன், இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. ஒரே மாதிரிக் கேள்வியளை ஒண்டாச் சேர்த்துப் போட்டன், கோவிக்காதேங்கோ.

வெள்ளவத்தையில இருந்து: அக்கா, ஃப்ளாட்டுக்கு வந்து ஆறு மாசம். பின்டரெஸ்ட்ல 300 படம் சேவ் பண்ணி வச்சிருக்கிறன், ஆனா ஹோலுக்கு ஒரு குஷன் கூட வாங்கேல்ல. எதில தொடங்கிறது?

300 படம் இருந்தா ஆருக்கும் தலை சுத்தும் தங்கச்சி. அதுகளை ஒருக்கா வேகமாத் தள்ளிக்கொண்டு போங்கோ, சாமானைப் பாக்காமல் வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது, தரையில என்ன கிடக்குது எண்டு மட்டும் பாருங்கோ. முக்கால்வாசி குளிர் நாட்டு வீடாத்தான் இருக்கும். அவைக்கு வெயில் உள்ள வரவேணும், சூடு வெளிய போகக்கூடாது, அதாலதான் அந்தத் தடிச்ச கம்பளமும் வெல்வெட்டும் அடுக்கடுக்காத் துணியும். எங்களுக்கு வெயில் வெளியில நிக்கவேணும், காத்து உள்ள வரவேணும், கணக்கே தலைகீழ்.

நானும் இந்தப் பிழையை விட்டனான். படமொண்டில பார்த்த கடும்பச்சை வெல்வெட்டில ஆசைப்பட்டு ஆறு குஷன் தைச்சு ஹோல்ல போட்டன், ஒக்டோபர் மழை தொடங்கி ரெண்டு கிழமை ஆகேல்ல, ஹோலுக்குள்ள நனைஞ்ச நாய் படுத்திருக்கிற மாதிரி ஒரு மணம், தேடித் தேடிக் கடைசியில குஷனைத் திருப்பிப் பார்த்தா சுவர்ப்பக்கம் முழுக்க வெள்ளையாப் பூஞ்சணம். தையல்காரி வீட்டிலயே இந்தக் கதி.

உண்மையான ஐடியா பஸ் ஏறிப் போற தூரத்திலயே கிடக்குது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 இல பகத்தல ரோட்டுப் பக்கம் 33ஆவது லேன்ல ஒரு சின்ன வீடு வாங்கி, பிறகு பக்கத்தில இருந்த மற்றச் சின்ன வீடுகளையும் ஒவ்வொண்டா வாங்கிச் சேர்த்து ஒரே வீடாக்கினவர், இப்ப நம்பர் 11 எண்டு சொல்லுறது அதைத்தான். முன்கூட்டியே புக் பண்ணினா உள்ள போய்ப் பாக்கலாம். எல்லாரும் காராஜ்ல நிக்கிற பழைய ரோல்ஸ் ரோய்ஸைத்தான் படம் எடுப்பினம், நீங்க நடைபாதையைப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் சுவர், பெரிசா யன்னல் இல்லை, ஆனா இருட்டு இல்லை. இடைக்கிடை வானம் பாத்த சின்ன முற்றம், அதுக்குள்ள ஒரு செடியோ பழைய தூணோ, மேலயிருந்து விழுற வெளிச்சம் வெள்ளைச் சுவரில பட்டு உள்ள வருது. ஃப்ளாட்டில முற்றம் வெட்டேலாது, விளங்குது, ஆனா யன்னலுக்கு எதிர்ச்சுவரை வெள்ளையா விட்டு அதில ஒண்டும் தொங்கவிடாமல் இருக்க ஏலும்தானே? உங்கட ஹோலுக்கு அதுதான் முதல் வேலை. டூருக்குக் காசு குடுக்க மனமில்லாட்டி அல்ஃபிரட் ஹவுஸ் ரோட்டில அவரின்ர பழைய ஒஃபிஸ் இப்ப கஃபேயா இருக்கு, ஒரு டீ குடிச்சுக்கொண்டு இருந்து பாருங்கோ.

நிறத்துக்கு எண்டால் காலி வீதியில பெயர்ஃபுட் எண்ட கைத்தறிக் கடை. பார்பரா சன்சோனி 1964 இல தொடங்கினது. ஒண்டும் வாங்கவேணும் எண்டில்லை, விலையும் கொஞ்சம் கூடத்தான், ஆனா கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில செம்மஞ்சளை எப்பிடி வச்சிருக்கினம், கோடுகள் எங்க மெலிசு எங்க மொத்தம் எண்டு அந்தத் துணிகளுக்கு முன்னால பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ, 300 படம் தராததை அது தரும்.

பம்பலப்பிட்டி, கடல் பக்கம்: பின்னேரம் அறைக்குள்ள இருக்கேலாது, வெயில் நேரா அடிக்குது. வெளிச்சத்தை முழுக்க மறைக்கிற ப்ளக்அவுட் கேர்ட்டின் போட்டால் குகை மாதிரி இருக்கு. வேற ஐடியா?

மேற்குப் பாத்த யன்னல், கடற்கரைப் பக்க ஃப்ளாட்டுகளுக்கு இது பிறவிக்குணம். ரெண்டு அடுக்காப் போடுங்கோ, உள்ளுக்கு மெலிசான வெள்ளைப் பருத்தி எப்பவும் மூடினபடி, மேலால கொஞ்சம் தடிப்பான துணி, பின்னேரம் மூண்டு மணியில இருந்து சூரியன் இறங்கும் வரைக்கும் மட்டும் இழுத்து விடுறது. தடிப்புத் துணிக்கு மருதமுனைக் கைத்தறியைச் சொல்லுவன், சாரனுக்கும் சாறிக்கும்தான் பேர் போனது, ஆனா அந்த நெசவுத் துணி கேர்ட்டினாத் தொங்கேக்க விழுற விழுகை தனி வடிவு.

ஒரு விசயம் கவனம். கைத்தறி வாங்கின உடன வெட்டாதேங்கோ. ஒரு பேசினில தண்ணி விட்டு ஒரு பிடி உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கோ, காலமை பார்த்தா தண்ணி நிறமாயிருக்கும், துணியும் சுருங்கியிருக்கும், நிழல்ல காயவிட்டு ஸ்திரி போட்டுப் பிறகுதான் கத்தரி வைக்கிறது. இல்லாட்டி முதல் தோய்ச்சலோட கேர்ட்டின் முழங்காலுக்கு ஏறிடும். அகலம் யன்னலைப் போல ரெண்டு மடங்கு, 5 அடி யன்னலுக்கு 10 அடித் துணி, கஞ்சத்தனம் பண்ணினா பெட்ஷீட் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கேர்ட்டின் கம்பி யன்னலை விட ரெண்டு பக்கமும் அரை அடி கூட இருக்கவேணும், அப்பதான் திறந்து விட்டால் கண்ணாடி முழுக்க வெளிக்கும். கடல் காத்துக்கு இரும்புக் கம்பி, மலிவான வளையம் ரெண்டும் துருப்பிடிச்சு துணியில மண்ணிற வட்டம் வட்டமாக் கறை விடும், அது போகாது. மரக் கம்பி, இல்லாட்டி அலுமினியம்.

கொட்டாஞ்சேனை: கனடாவில இருக்கிற மச்சாள் ஒவ்வொரு சீசனுக்கும் வீட்டை மாத்திப் படம் அனுப்புறா, ஓட்டம் (இலையுதிர் காலம்) எண்டு பூசணிக்காயும் காய்ஞ்ச இலையும். எங்களுக்கு ஏது சீசன்?

ஏன் இல்லை? கலண்டரைப் பாருங்கோ, எங்கட சீசன் மழையாலயும் பண்டிகையாலயும் ஆனது. மச்சாளுக்கு நாலு எண்டால் எங்களுக்கு அதை விடக் கூட வரும் போல.

தை மாசம் கொழும்புக்கு நல்ல காலம், காத்துக் காயும், விடியப்புறம் ஒரு சின்னக் குளிரும் இருக்கும். பொங்கலுக்கு வாசல்ல கோலமும் நிறைகுடமும் வச்சால் அதோட ஹோலுக்கு மஞ்சளும் செங்கல் நிறமும் எடுங்கோ. மாசி தாண்டி பங்குனி, சித்திரை சரியான வெக்கை, ஏப்ரல் முதல் கிழமையளவில சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில நிக்கும், அந்த நேரம் நான் ஹோல்ல இருக்கிற துணியில பாதியைக் கழட்டி வச்சிடுவன். கம்பளத்தை மடிச்சு மேல போட்டிடுவன், வெறும் தரை, செற்றியில வெள்ளைக் கவர், மேசையில ஒரு கிண்ணத்தில தண்ணி விட்டு நித்தியகல்யாணியோ அரலிப்பூவோ மிதக்க விடுறது, அவ்வளவுதான் வருசப்பிறப்பு அலங்காரம். சாமானைக் குறைக்கிறதும் ஒரு டெக்கரேஷன்தான், ஆனா அதை ஒருத்தரும் படம் எடுத்துப் போடுறேல்ல.

மே மாசம் பௌத்தரின்ர வெசாக். எங்கட பண்டிகை இல்லாட்டிலும் ரோட்டு முழுக்கப் பேப்பர் விளக்குக் கூடு தொங்கேக்க பல்கனியில ஒரு வெள்ளைக் கூடு தொங்கினா என்ன குறையுது? மூங்கில் ஈர்க்கும் டிஷ்யூப் பேப்பரும் வாங்கிப் பிள்ளையளோட இருந்து ஒட்டுங்கோ. அதோட தென்மேற்கு மழையும் தொடங்கும், வெளிச்சம் சாம்பலாகும், வீடு சோர்ந்து போகும், அப்பதான் அடர் நிறத்துக்கு நேரம், சிவப்பு, கடும் நீலம், ஆனா பருத்தியில (வெல்வெட் கதை மேல சொல்லியாச்சு). லைட்டையும் மாத்துங்கோ. கொழும்பில ஹோலுக்கு எல்லாரும் போடுறது 6500 கெல்வின் வெள்ளை பல்ப், டிஸ்பென்சரி மாதிரி. 2700 இல்லாட்டி 3000 கெல்வின் எண்டு பெட்டியில போட்டிருக்கிற மஞ்சள் பல்ப் ஒண்டை மூலையில ஒரு மேசை லைட்டில போட்டு, மேல் லைட்டை நூத்து விடுங்கோ. ஒரு பல்ப்தான் செலவு, மழை நாளில ஆக்களை ஹோல்லயே இருக்க வைக்கும். வாங்கப் போகேக்க உங்கட ஹோல்டர் பின்னா ஸ்க்ரூவா எண்டு பார்த்திட்டுப் போங்கோ, நான் மூண்டு தரம் மாறி வாங்கி வந்தனான்.

பிறகு நவராத்திரி, தீபாவளி, விளக்கீடு, நத்தார் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. ஒவ்வொண்டுக்கும் புதுசா வாங்கினா கட்டுப்படியாகாது. மூண்டு செட் குஷன் கவர் போதும், வெக்கைக்கு வெளிர், மழைக்கு அடர், பண்டிகைக்குப் பளபளப்பு. பாவிக்காத செட்டை நல்லாக் காயவிட்டு ரெண்டு கராம்பும் போட்டு மூடி வையுங்கோ.

மாளிகாவத்தை: அன்டி, பெருநாளைக்கு குடும்பமே எங்க வீட்டுக்குத்தான் வாராங்க. ஹோல் 10க்கு 12 அடி, செட்டியும் டிவியும் வெச்சா நிக்கவே இடமில்ல. அதுக்குள்ள எப்படி அழகாக்கிறது?

மகள், அண்டைக்கு ஒரு நாளைக்கு செட்டியை ரூமுக்குள்ள தள்ளிடுங்க. ஒரு சஹனைச் (எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டு) சுத்தி ஆறு பேர் இருக்க எப்படியும் ஆறேழு அடி வட்டம் வேணும், அதை முதல்ல தரையில சோக்கால கீறிப் பாருங்க, மிச்ச இடம்தான் அலங்காரத்துக்கு. தரைக்குப் பன்பாய், காத்தான்குடிப் பக்கம் யாரும் சொந்தக்காரர் இருந்தாச் சொல்லி எடுங்க. சுவரோரமா நீளக் குஷன், எல்லாத்துக்கும் ஒரே நிறக் கவர். ஆக்கள் தரையில இருக்கிறதால கண்ணும் கீழதான் இருக்கும், அதால மேல தொங்கிற தோரணத்தை விட நாலடிக்குக் கீழ வைக்கிற லைட்டுத்தான் எடுபடும். புறக்கோட்டையில துணி எடுக்கப் போனாப் பெருநாளுக்கு முதல் கிழமை போகாதீங்க, அந்தக் கூட்டத்தில நிறம் பார்த்து எடுக்கேலாது.

தெஹிவளை: வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடுறாரில்லை.

அடிக்காதேங்கோ. படங்களை அலுமாரிக்கு மேல, டிவி மேசையில, தரையில சுவரோட சாய்ச்சு வைக்கலாம், பெரிசைப் பின்னுக்கும் சின்னனை முன்னுக்கும். ஒட்டுற கொக்கியை நம்பிக் கண்ணாடிப் படம் மாட்டாதேங்கோ, இந்த ஈரக்காத்துக்கு ஒரு நாள் ராத்திரி விழும்.

வத்தளை: குசினி டைல்ஸ் பழைய காலத்துப் பூப்போட்டது, பார்க்கவே புடிக்கல. மாத்தக் காசு இல்லைங்க.

பூவை மறைக்கப் போராடாதீங்க. அந்தப் பூவில இருக்கிற ஒரு நிறத்தை எடுத்து அலுமாரிக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிங்க, ரேக்கில இருக்கிற கலர் கலர் பிளாஸ்டிக் டப்பாவை உள்ள தள்ளிட்டுக் கண்ணாடிப் போத்தலை வெளிய வைங்க. ஸ்டிக்கர் ஒட்ட வேணாம், அடுப்புப் பக்கம் எண்ணெய் ஏறி ஓரம் கிளம்பிடும்.

நுகேகொடை: ஹோலுக்கு என்ன பெயின்ட் அக்கா? கடையில கார்ட்டில பார்த்தா ஒண்டு, சுவரில அடிச்சா இன்னொண்டு.

கார்ட்டில இருக்கிறது முத்திரை அளவு, அதை வச்சு முடிவெடுக்கேலாது. ஆகச் சின்ன டின் வாங்கி பெரிய கார்ட்போட் மட்டையில ரெண்டு கோட் அடிச்சுக் காயவிட்டு, ஒரு நாள் முழுக்க அறைக்குள்ள இடம் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்கோ, காலமை யன்னலுக்குப் பக்கத்தில, மத்தியானம் மூலையில, ராத்திரி லைட் போட்டு. கிறீம் எண்டு நினைச்சது ராத்திரி பச்சையாத் தெரியும், அனுபவத்தில சொல்லுறன். ஒரு சுவரில ஈரம் ஊறி உப்புப் பூத்திருந்தா முதல்ல ஒழுக்கைத் தேடி அடையுங்கோ, அதுக்கு மேல எந்த விலை பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு உரியும்.

போர்டிங்ல இருக்கிற தம்பி: 5,000 ரூபாதான் இருக்கு.

ஒரு நல்ல பெட்ஷீட், ஒரு மஞ்சள் பல்ப், மிச்சத்துக்குச் செடி. மணிபிளான்ட்டை ஆரிட்டயும் ஒரு கொப்புக் கேட்டால் தருவினம், போத்தல் தண்ணியிலயே வரும். ஆனா தண்ணியைக் கிழமைக்கு ஒருக்கா ஊத்திப் போத்தலின்ர உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவவேணும், டெங்கு நுளம்பு முட்டை போத்தல் சுவரில ஒட்டியிருக்கும், சும்மா தண்ணி மாத்தினாப் போகாது.

வெள்ளவத்தை, இன்னொரு ஆள்: அப்பா போய் ஒரு வருசம். அவரின்ர படத்தை ஹோல்ல பெரிசா மாட்டவேணும் எண்டு அம்மா, புது ஹோலுக்கு ஒத்துவராது எண்டு மனிசி. நடுவில நான்.

இந்தக் கேள்வி மட்டும் நாலு பேர் கேட்டிருக்கினம், ஆம்பிளையள்தான் நாலு பேரும். தம்பி, பிரச்சினை அனேகமாப் படத்தில இல்லை, அந்தப் படத்தை எடுத்த விதத்தில. பாஸ்போர்ட் படத்தைப் பெருப்பிச்சு, பின்னால ஸ்டூடியோக்காரன் நீல வானம் போட்டு, தங்க ஃபிரேம், பிளாஸ்டிக் மாலை, சிவப்புக் குமிழ் லைட். அப்பாவே பார்த்தா அது நானில்லை எண்டுவார். பழைய அல்பத்தைக் கிளறுங்கோ, கடற்கரையிலயோ சைக்கிளோடயோ சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஒண்டு இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையில, மெலிசான மர ஃபிரேம், சுத்திவர ரெண்டு மூண்டு அங்குலம் வெள்ளை விட்டு அடிச்சு எடுங்கோ, எந்த ஹோலுக்கும் ஒத்துவரும். மாட்டுற உயரம் டிசைன் புத்தகத்தில நிண்டு பாக்கிற ஆளின்ர கண்மட்டம் எண்டுதான் இருக்கும். நீங்க அம்மா வழமையா இருக்கிற கதிரையில அவவை இருத்திப்போட்டு, அவவின்ர கண் எங்க போகுதோ அந்த உயரத்தில பென்சிலால அடையாளம் போடுங்கோ. ஃபிரேம் கடைக்கு ஒரிஜினலைக் குடுக்காமல் ஸ்கேன் பண்ணின கொப்பியைக் குடுங்கோ, பழைய படம் கண்ணாடியோட ஒட்டிச்செண்டால் பிறகு உரிச்செடுக்கேலாது.