டச்சு மொழியில் அந்தக் கடைசி 'எ' எப்போது வரும்?

கேள்வி: டச்சு கற்கத் தொடங்கியிருக்கிறேன். 'சிறிய' என்பது பாடநூலில் ஓரிடத்தில் 'க்ளைன்' என்றும், இன்னோரிடத்தில் 'க்ளைனெ' என்றும் வருகிறது. எதை எங்கே போடுவது? கேள்வி கேட்கும்போது சொற்களை எப்படி அடுக்குவது?

பதில்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பெயரடையில் 'எ' சேர்ப்பதுதான் பொது வழக்கம். அந்த 'எ'யை அழுத்தாமல், உதட்டை விரிக்காமல் சொல்ல வேண்டும். விலக்கை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தின் 'the' போல முன்னால் வரும் சொல்லை வைத்து, டச்சுப் பெயர்ச்சொற்களில் 'டெ' சொற்கள், 'ஹெட்' சொற்கள் என இரண்டு வகை உண்டு. சைக்கிள் 'டெ ஃபீட்ஸ்'. புத்தகம் 'ஹெட் புக்'. ஒருமையில் உள்ள 'ஹெட்' சொல்லுக்கு முன் 'ஒரு' என்ற பொருளுடைய 'அன்' வந்தால் 'எ' போய்விடும்: 'அன் க்ளைன் புக்'. குறிப்பிட்ட புத்தகம் என்றால் 'ஹெட் க்ளைனெ புக்'. சைக்கிளுக்கோ இரண்டு இடத்திலும் 'எ' உண்டு: 'அன் க்ளைனெ ஃபீட்ஸ்', 'டெ க்ளைனெ ஃபீட்ஸ்'. பன்மையிலும் அப்படியே: 'க்ளைனெ புக்கன்'. தண்ணீரும் 'ஹெட்' சொல்தான். முன்னால் எதுவும் இல்லாமல் குளிர்ந்த நீர் என்று சொன்னால் 'கவுட் வாட்டர்', அங்கும் 'எ' கிடையாது. 'புத்தகம் சிறியது' என்று பயனிலையாக வந்தால் எந்த வகைச் சொல்லுக்கும் 'எ' வராது: 'ஹெட் புக் இஸ் க்ளைன்'.

ஆகவே 'புக்' என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'ஹெட் புக்' என்றே செய்யுங்கள். இதில் சோம்பல் பட்டால் பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாற வேண்டிவரும். வகை தெரியாத சொல்லுக்கு 'டெ' என்று ஊகிப்பது நல்லது, பெரும்பாலானவை அவைதான். ஆனால் சிறுமை காட்டும் 'யெ' விகுதி ஏறிய சொல் ஒருமையில் எப்போதும் 'ஹெட்'தான். ஒரு சின்னக் கோப்பை காபி வேண்டுமானால் 'அன் க்ளைன் கொப்யெ கொஃபி' என்று கேளுங்கள்.

கேள்வி அமைப்பு இதைவிட எளிது. வினைச்சொல்லை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவந்தால் போதும். ஆங்கிலத்தைப் போலத் துணைவினை தேட வேண்டியதில்லை. 'யெ வோன்ட் இன் லைடன்' என்றால் 'நீ லைடனில் வசிக்கிறாய்'. கேள்வியாக்கினால் 'வோன் யெ இன் லைடன்?' வினைக்குப் பின்னால் 'நீ' என்ற பொருளுடைய 'யெ' வந்ததும் 'ட்' உதிர்ந்ததைப் பாருங்கள். தொடக்க மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மரியாதைக்குரிய 'யூ' வந்தால் 'ட்' உதிராது: 'வோன்ட் யூ இன் லைடன்?' எங்கே என்று கேட்க, முன்னால் 'வார்' சேருங்கள்: 'வார் வோன்ட் யூ?'

இரண்டு வினைகள் இருந்தால் ஒன்று முன்னே வரும், மற்றது கடைசிக்குப் போகும்: 'வில் யெ கொஃபி த்ரிங்கன்?' (நீ காபி குடிக்க விரும்புகிறாயா?). வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது சீக்கிரம் படிந்துவிடும்.