முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், கடன் வாங்கியாவது டிப்ளோமா செய்யட்டுமா?

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு வயது 21. ஏ.எல். முடித்துவிட்டு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறார். தனியார் நிறுவனமொன்றில் டிப்ளோமா செய்தால் பிரயோசனமா, சம்பளம் கூடுமா என்று கேட்டிருக்கிறார். நான் கிளிநொச்சியில் கனகாலமாக முன்பள்ளி ஆசிரியை. படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். படிப்புக்கு முதல் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது.

நல்லாய் நடக்கிற ஒரு முன்பள்ளிக்குப் போய், ஒரு கிழமை மூலையில் இருந்து பாருங்கள். உதவி செய்யப் போகாதீர்கள், சும்மா பாருங்கள்.

உங்கள் வயதுக்காரருக்கு முன்பள்ளி வயது 2008, 2009இல் வந்தது. அப்போது வன்னியில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் வயதில் இங்கே பலருக்கு முன்பள்ளி என்றொரு நினைவே கிடையாது. மனதில் நிற்பது பிறகு போன பள்ளிக்கூடம்தான்: கரும்பலகை, கொப்பி, வரிசையாக வாங்கு, "சத்தம் போடாதே". ஆசிரியரானதும் கை தன்பாட்டில் அதற்குத்தான் போகிறது. "விளையாட்டு மூலம் கற்றல்" என்று செயலமர்வில் எழுதிக்கொண்டு வந்தாலும், அது எப்படி இருக்கும் என்று கண்ணால் காணாதவர் திங்கட்கிழமை திரும்பவும் "அ" எழுதிப் போடுவார்.

பார்த்தால் என்ன தெரியும்? ஒன்று சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு சுளகில் மஞ்சாடி விதையும் புளியங்கொட்டையும் கலந்து கிடக்கிறது. பிள்ளை பிரித்து இரண்டு சிரட்டையில் போடுகிறாள். புளியங்கொட்டையை எண்ணும்போது ஐந்துக்குப் பிறகு ஏழு என்கிறாள். புது ரீச்சர் என்றால் உடனே "ஆறு!" என்று திருத்துவார். பழகிய ரீச்சர் திருத்தவில்லை, பக்கத்தில் குந்தியிருந்து, "எனக்கும் எண்ணிக் காட்டுங்கோ, ஆறுதலாக" என்றார். இரண்டாம் முறை பிள்ளை ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், ஆறும் வந்தது. இந்தப் பொறுமை எந்தக் கையேட்டிலும் ஒட்டிவராது. இன்னொன்று: அந்தச் சின்னக் கொட்டையை இரண்டு விரலால் பொறுக்குவதுதான் நாளைக்குப் பென்சில் பிடிப்பதற்கான பயிற்சி. களிமண் பிசைவதும் கடதாசி கிழிப்பதும் அப்படித்தான். "பிள்ளை இன்னும் எழுதவில்லையே" என்று தாய்மார் கேட்க வருவார்கள், கட்டாயம் வருவார்கள். அப்போது இதைக் காட்டிச் சொல்லத் தெரிந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பெற்றோர் கூட்டத்தில் வாயால் சொல்லாமல், அவர்களையே விதை பொறுக்க விடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். சிரிப்பும் வரும், விளக்கமும் வரும்.

திரும்பி வந்த பிறகு, அந்த ரீச்சரையே ஒருநாள் உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. மண்டபத்தில் நூறு பேரை வைத்து, புரொஜெக்டரில் படம் காட்டி, மத்தியானம் சோற்றுப் பார்சல் தந்து அனுப்புகிற செயலமர்வுகளை விட இது மேல். (அந்தச் செயலமர்வுகளுக்கும் போங்கள், சான்றிதழ் கோப்புக்குத் தேவை. மற்ற ரீச்சர்மாரைச் சந்திக்கவும் அதுதான் வழி.)

சரி, இனிப் படிப்பு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கையைத் தமிழிலேயே படிக்கலாம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கு நிலையம் உண்டு. உங்களுக்கு மாங்குளம் வந்து ஏ9 வீதியில் வவுனியா போவது சுகம், ஆனால் திரும்பி வருகிற கடைசி பஸ்ஸை முதலே விசாரித்து வையுங்கள். வகுப்பை இடையில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் பாடம் விளங்காமல் விடவில்லை, பஸ் இல்லாமல் விட்டார்கள். அப்புறம் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) நாலாம் மட்டம். ஏற்கெனவே வேலை செய்த அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற வழியும் அந்த முறையில் இருக்கிறது. ஆகவே இன்றையிலிருந்தே பாடத்திட்டக் குறிப்பு, பிள்ளைகளின் அவதானிப்புக் குறிப்பு, செய்த உபகரணங்களின் படம் எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரு கோப்பில் சேருங்கள்.

தனியார் டிப்ளோமா என்றால், அந்த நிறுவனமும் அந்தக் கற்கையும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் "மொண்டிசோரி" என்று இருப்பது ஒரு தகுதியே அல்ல, இப்போது இரண்டு பலகைக்கு ஒன்றில் அது இருக்கிறது.

சம்பளம். உள்ளதைச் சொல்கிறேன், டிப்ளோமா செய்ததும் கூடிவிடாது. கிராம அபிவிருத்திச் சங்கமோ கோயிலோ தேவாலயமோ நடத்தும் முன்பள்ளியில் பிள்ளைகளின் மாதக் கட்டணமும் கிடைக்கிற கொடுப்பனவும்தான் வருமானம். பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் போருக்குப் பிறகு நடத்திய முன்பள்ளிகளில் வேலை செய்த ரீச்சர்மாருக்கு அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. ஒரே பிரதேசத்தில், ஒரே வேலைக்கு. அந்த வித்தியாசத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் காசு கட்டுவதற்கு முதல் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிக்குப் பொறுப்பானவரிடம் போய், எந்தச் சான்றிதழைக் கொடுப்பனவுக்குக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். வாயால் அல்ல, கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.