வால்வு மாற்றினால் ட்ரெபிள் தெளியுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது, சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வுகளில் ஓடும் ஸ்டீரியோ ஆம்ப். முன்பகுதியில் இசிசி83 மூன்று, ஸ்பீக்கரை ஓட்ட இஎல்84 நான்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சில மாதங்களாக ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, மங்கிவிட்டது. ஜால்ராச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, இடது பக்கம் இன்னும் மோசம். டெலிஃபங்கன் என்ற ஜெர்மன் கம்பெனியின் பழைய இசிசி83 மூன்று போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். விலை 36,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டெலிஃபங்கன் நல்ல வால்வுதான், ஆனால் உங்கள் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. முன்பு நன்றாக இருந்தது, இப்போது மங்கியது, அதுவும் ஒரு பக்கம் அதிகம் என்கிறீர்கள். இது ஏதோ ஒன்று தேய்ந்துபோனதன் அடையாளம்.

முதலில் காசில்லாத சோதனை. ஆம்பை அணைத்து, வால்வுகள் நன்றாக ஆறிய பிறகு, இடது பக்க இஎல்84 ஜோடியை வலதுக்கும் வலது ஜோடியை இடதுக்கும் மாற்றுங்கள். மங்கல் வலதுக்குத் தாவினால் அந்த ஜோடிதான் குற்றவாளி. இஎல்84 ஆம்புகள் பெரும்பாலும் கேதோடு பயாஸ் வகை (வால்வில் ஓடும் மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்வது) என்பதால் மாற்றியதும் எதையும் திருக வேண்டியிருக்காது. உங்களுடையது பயாஸைக் கையால் சரிசெய்யும் வகை என்றால் டெக்னீஷியனிடம் விடுங்கள். இசிசி83-யையும் இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். அதில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (தனித்தனியாகப் பெருக்கும் பகுதிகள்) இருப்பதால், சில ஆம்புகளில் ஒரே வால்வு இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யும். அதை இடம் மாற்றிப் பயனில்லை. மங்கல் இடதிலேயே நின்றால் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலமாக மாற்றுங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர்தான் மங்கல் என்றால் அதிலுள்ள ட்வீட்டரை (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பாருங்கள்.

சரி, எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் ஆம்பில் வேறு கம்பெனி வால்வு போட்டால் ட்ரெபிள் கூடுமா? மிகக் கொஞ்சம், பல நேரம் காதுக்கே எட்டாது. இசிசி83-இல் சிக்னல் நுழையும் கிரிடுக்கும் பெருகி வெளியேறும் ஆனோடுக்கும் இடையே 1.6 பைக்கோஃபாரட் அளவு கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) உண்டு. வால்வு சிக்னலை 60 மடங்கு பெருக்கும்போது, அந்தச் சின்ன அளவு உள்ளே வரும் சிக்னலுக்கு 100 பைக்கோஃபாரட் போலத் தெரியும். இதை மில்லர் விளைவு என்பார்கள். வால்யூம் கன்ட்ரோல் 500 கிலோ ஓம் என்றால், அதன் நடுப்புள்ளியில் இந்த 100 பைக்கோஃபாரட் 13 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலேயே 3 டெசிபல் குறைத்துவிடும். அதே இடத்தில் 100 கிலோ ஓம் கன்ட்ரோல் இருந்தால் அந்த இறக்கம் 60 கிலோஹெர்ட்ஸ் தாண்டித்தான் வரும். எந்தக் கம்பெனி இசிசி83 என்றாலும் இந்த 1.6 பெரிதாக மாறாது. சி.டி. பிளேயரோ, டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி-யோ வைத்துக் கேட்பவருக்கு 100 கிலோ ஓம் தாராளம். கன்ட்ரோலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை, ஆனால் டெக்னீஷியன் கையால். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.

அப்புறம், பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒலியின் சாயலும் மாறும். ட்வீட்டரை நீங்கள் உட்காரும் இடம் நோக்கித் திருப்புவதும் நிறைய உதவும். இதற்கெல்லாம் செலவே இல்லை, அதனாலோ என்னவோ எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

கேள்வி: இசிசி83-க்குப் பதில் இசிசி81 அல்லது இசிசி88 போடலாமா?

பதில்: இசிசி81 பொருந்தும், ஆனால் பெருக்கக் குணகம் 100-லிருந்து 60-க்கு இறங்கும். சத்தம் குறையும், அந்த ஆம்புக்காகக் கணக்குப் போட்டு வைத்த ஃபீட்பேக்கும் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடும் ஏற்பாடு) மாறும். இசிசி88 வேண்டவே வேண்டாம். சாக்கெட்டில் உட்காரும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. 12.6 வோல்ட் போகும் சாக்கெட்டில் அதன் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரட்டிப்பு வோல்டேஜ் கிடைத்து எரிந்துபோகும்.

கேள்வி: பழைய சரக்கு வாங்கியே தீருவேன் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கண்ணாடி மேல் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், அதை அழித்து மறுபடி அச்சிடுவது சுலபம். டெலிஃபங்கன் தன் ஆலையில் செய்த வால்வின் அடியில், பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் பதிந்திருக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த மல்லார்ட் கம்பெனி வால்வில் கீழ்ப்பகுதியில் மங்கலாகப் பொறித்த குறியீடு ‘பி’ எழுத்தில் தொடங்கும். இரண்டு ட்ரையோடையும் தனித்தனியாக அளந்த டெஸ்டர் எண்களைக் கேளுங்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. அந்தப் பழைய சரக்கு கண்ணில் பட்டால் ஒதுக்காதீர்கள். பழசுதான் வேண்டும் என்றில்லாதவருக்கு ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போன்ற புது வால்வு சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். எதை வாங்கினாலும் பில்லில் வால்வின் பெயரோடு, இரைச்சல் இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் 36,000 கொடுக்காதீர்கள்.