ஸ்காபுரோவிலிருந்து வெள்ளவத்தைக்கு: உறுதி கடைசியில்தான்

கேள்வி: ஸ்காபுரோவில் இருக்கிறோம். கணவர் 2006 ஒக்டோபரில் கனடா வந்தவர். 2012இல் கனடியப் பிரஜையானார். இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. நான் 2014இல் கலியாணமாகி வந்தேன். இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டும் கனடிய நிரந்தர வதிவிட அட்டையும்தான் வைத்திருக்கிறேன். 2016இலும் 2019இலும் பிறந்த பிள்ளைகள் இருவரும் கனடியர்கள். குளிரும் வீட்டுக்கடனும் போதும் என்று 2026 ஜூலையில் கொழும்புக்கே வந்துவிட நினைக்கிறோம். கணவர் ரொறொன்ரோ நிறுவனத்துக்கு அங்கிருந்தே இணையவழி வேலை செய்வார். வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது, கணவரின் தம்பி பெயரில் எழுதலாம் என்கிறார் தரகர். உடனே முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? புறப்படும் முன் நான் கனடியப் பிரஜாவுரிமை எடுப்பது நல்லதா? நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்.

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். தம்பி பெயரிலும் எழுத வேண்டாம். உங்கள் குடும்பத்தில் இலங்கைப் பிரஜை நீங்கள் இருக்கிறீர்கள். அதைத் தரகர் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை போலிருக்கிறது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான கட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. அதற்கு முரணாக எழுதிய உறுதி சட்டத்தில் செல்லாது. விதிவிலக்குகளில் இரண்டை நீங்கள் பார்க்க வேண்டும். இரட்டைப் பிரஜைக்குத் தடை இல்லை. தொடர்மாடியில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை, முழு விலையையும் வெளிநாட்டு நாணயத்தில் முன்கூட்டியே கொண்டுவந்து செலுத்தினால், வெளிநாட்டவரும் வாங்கலாம். நீங்கள் பார்த்தது இரண்டாம் மாடி, ஆகவே இன்றைய நிலையில் உங்கள் கணவர் பெயரில் எழுதவே முடியாது. உங்கள் பெயரில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

தம்பி பெயரில் எழுதினால் சட்டத்தின் கண்ணில் வீடு தம்பியுடையது. அவர் இறந்தால் அது அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும். அவர் கடன்பட்டால் கடன் கொடுத்தவர் அதன்மேல் கை வைக்கலாம். ‘உண்மையான உரிமையாளர் அண்ணன்தான்’ என்று தனியாகக் கடிதம் எழுதி வைப்பவர்கள் உண்டு. வழக்கென்று வந்தால் சட்டத்தைச் சுற்றிப்போகத்தான் இதைச் செய்தோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாக அந்தக் கடிதம் நிற்கும். தம்பி எவ்வளவு நல்லவர் என்பது இங்கே பேச்சே இல்லை.

முன்பணத்தைப் பற்றி ஒன்று. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்பட்டால்தான் வலுவுள்ளது. தரகர் தரும் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, இந்த வீட்டை எனக்கு விற்றே ஆகவேண்டும் என்று நீங்கள் வழக்காட முடியாது.

ஊருக்கு விடுமுறையில் வரும்போது வீட்டைப் பார்த்து, உறுதியை முடித்துவிட்டு, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றுதான் பலரும் செய்கிறார்கள். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் பிரஜாவுரிமை, பிறகு புறப்படும் திகதி, பிறகு பணம் வரும் வழி, எல்லாம் முடிந்தபின் உறுதி.

பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகத்தான் வம்சாவளிப் பிரஜாவுரிமை கிடைத்தது. இப்போது பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். கணவர் 2012இலேயே இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிட்டார், நீங்கள் இழக்கவில்லை. ஆகவே பிள்ளைகள் உங்கள் வழியாகப் பதிவு பெறலாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். தவறினால் தகுந்த காரணத்தோடு காலம் கடந்தும் ஏற்பார்கள். ரொறொன்ரோத் துணைத்தூதரகத்திலோ ஒட்டாவா உயர்ஸ்தானிகராலயத்திலோ விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். பெற்றோர் விபரம் உள்ள ஒன்ராறியோப் பிறப்புச் சான்றிதழின் நீண்ட படிவம், உங்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளை பிறந்த காலத்தில் செல்லுபடியாக இருந்த உங்கள் கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அந்தப் பழைய கடவுச்சீட்டை எறிந்திருந்தால் வேலை இரட்டிப்பாகும். பெயரையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணச் சான்றிதழில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், கனடாவில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறி நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் ஒவ்வொரு கருமபீடத்திலும் அதே விளக்கத்தைச் சொல்ல வேண்டியிராது. பிறப்பால் இரு நாட்டுப் பிரஜாவுரிமையும் உள்ள பிள்ளை 22 வயதுக்குள் மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையைத் துறக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும். உங்கள் பிள்ளைகள் கனடியராகவும் இருக்கவே விரும்புவார்கள். ஆகவே அந்த வயது வருமுன் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும் என்பதைக் குறித்து வையுங்கள்.

அடுத்து நீங்கள். இலங்கைப் பிரஜை தானாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை அந்தக் கணமே போய்விடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. பிரிவு 19(3)இன் கீழ், கனடிய சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். விண்ணப்பித்தால் மட்டும் போதாது, அனுமதி கைக்கு வந்தபின்தான் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியத்தைச் செய்துவிட்டால் பிரிவு 19(2)இன் கீழ் இழந்ததை மீட்கும் வழிதான் மிஞ்சும். இடைப்பட்ட காலத்தில் நீங்களும் வெளிநாட்டவர், உங்கள் பெயரிலும் அந்த இரண்டாம் மாடி வீட்டை எழுத முடியாது.

கனடியப் பிரஜாவுரிமையை அவசரப்பட்டு எடுக்கவும் தேவையில்லை. நிரந்தர வதிவிடத்தைக் காப்பாற்ற ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கனடியப் பிரஜையான வாழ்க்கைத்துணையோடு சேர்ந்து வெளிநாட்டில் வாழும் நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் யார் யாரோடு போனார் என்று அதிகாரி கேட்கக்கூடும். இருவரும் ஒரே திட்டத்தில் இடம்பெயர்ந்ததைக் காட்டும் பயணச் சீட்டுகள், கொழும்பில் ஒரே முகவரிக்கு இரண்டு பெயரிலும் வரும் கடிதங்கள், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கணவருக்கு 19(2). பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ தூதரகம் ஊடாகவோ விண்ணப்பிக்கலாம். 55 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அல்லது ஆகக்குறைந்தது ஒரு வருடக் கற்கையோடு டிப்ளோமாவோ அதற்கு மேலான தகைமையோ வேண்டும். அல்லது இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்தோ, அதே அளவில் மூன்று வருட நிலையான வைப்போ, 25,000 அமெரிக்க டொலர் வெளிநாட்டு நாணய வைப்போ இருக்க வேண்டும். இணையவழியில் வேலை செய்பவரிடம் பட்டமோ டிப்ளோமாவோ இருக்கும். அதுவே மலிவான வழி. கனடாப் பொலிஸ் சான்றிதழுக்கான கைரேகையை அங்கிருந்து புறப்படும் முன் கொடுங்கள். கொழும்பிலிருந்து அதை எடுப்பது வீண் அலைச்சல். அனுமதி வரும்வரை இலங்கைப் பிரஜையின் வாழ்க்கைத்துணை என்ற வகையில் வதிவிட விசா கோரலாம். சுற்றுலா விசாவில் வந்து நீடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. இரட்டைப் பிரஜையானால் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. 2022இன் 21ஆம் திருத்தம் அதைத் தடுக்கிறது. வெள்ளவத்தையில் வீடு வாங்குபவருக்கு அது பெரிய நட்டமில்லை.

இனித் திகதி. உங்கள் கடிதத்தில் கணவர் 2006 ஒக்டோபரில் கனடா வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவை வெளிநாட்டில் வாழ்ந்தபடியே தொடர்ந்து பெற, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். அவர் வரும்போதே 18ஐத் தாண்டியிருந்தால், 2026 ஜூலையில் அவருக்கு 19 ஆண்டும் ஒன்பது மாதமும்தான் ஆகியிருக்கும். ஒக்டோபர் முடியும்வரை காத்திருந்தால் 65 வயதில் முழுக் கொடுப்பனவில் நாற்பதில் இருபது பங்கு, அதாவது பாதி, கொழும்புக்கே வரும். ஜூலையில் புறப்பட்டால் கனடாவில் போய் வசித்தால்தான் அது கிடைக்கும். குறைகிற மாதங்களை இலங்கையில் வாழ்ந்த காலத்தால் ஈடுசெய்ய இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. மூன்று மாதத்துக்காக இதை விடாதீர்கள். வந்திறங்கிய திகதியைப் பழைய ஆவணத்தில் பார்த்து நாள் கணக்கை உறுதிசெய்யுங்கள்.

பாடசாலைக்காக நீங்களும் பிள்ளைகளும் ஓகஸ்டில் வந்து, கணவர் பின்னால் வரலாம். ஆனால் வரிக்கணக்கில், வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் வீடும் எல்லாம் கனடாவை விட்ட பின்னரே ஒருவர் அந்த நாட்டை விட்டவராவார். குடும்பம் முழுவதற்கும் ஒக்டோபர் இறுதியே புறப்பட்ட திகதி என்று வைத்து, அதற்கு முன் ஸ்காபுரோ வீட்டு விற்பனையையும் முடித்துவிடுங்கள். நீங்கள் அங்கே வதிவாளராக இருக்கும்போது சொந்தக் குடியிருப்பை விற்பது சுலபம். புறப்பட்ட பின் விற்றால் பத்து நாளுக்குள் ரி2062 படிவம் கொடுத்து வரித் திணைக்களத்தின் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது வரும்வரை வாங்குபவர் விலையில் ஒரு கணிசமான பங்கைப் பிடித்து வைப்பார், அந்தப் பணம் இல்லாமல் கொழும்பு வீடும் நகராது. பங்குகள் போன்ற சொத்துகளைப் புறப்படும் நாளில் விற்றதாகவே கருதி வரி கணக்கிடுவார்கள். மொத்தச் சொத்து 25,000 டொலரைத் தாண்டினால் ரி1161 படிவமும் வேண்டும். பிந்தினால் நாளுக்கு 25 டொலர் வீதம் 2,500 வரை தண்டம். பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி நீங்களே அறிவியுங்கள். சொல்லாமல் வாங்கியதைப் பிற்பாடு திருப்பிக் கேட்பார்கள். இந்தப் பகுதி முழுவதையும் அங்குள்ள கணக்காளரோடு இருந்து முடிக்க வேண்டும்.

இலங்கைப் பக்கத்தில் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 183 நாள் இங்கிருந்தால் வதிவாளர். உலக வருமானம் முழுதும் கணக்கில் வரும். வெளிநாட்டில் பயன்படும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாகப் பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து உச்ச வரி 15 வீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விலக்கும் உண்டு. வீடு விற்ற பணத்தை இங்கே கொண்டுவருவது வருமானமாகாது, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

பணம் வரும் வழியில்தான் ஆகப் பெரிய பிழை நடக்கிறது. வங்கி ஊடாக அல்லாமல் ஆள்வழி அனுப்பும் உண்டியலில் நல்ல விலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் கனடாவில் இருக்கும்போதே இலங்கை வர்த்தக வங்கி ஒன்றில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து, விற்பனைப் பணத்தை அதற்கு அனுப்பி, வீட்டு விலையை அதிலிருந்தே கட்டுங்கள். பிறகொரு நாள் வீட்டை விற்றால் அந்தப் பணத்தை அதே கணக்கு ஊடாக வெளியே கொண்டுபோகலாம். சாதாரண ரூபாக் கணக்குக்கு வந்த பணத்தில் வாங்கிய வீட்டுக்கு அந்த வசதி இல்லை. கணக்கில் இருக்கும் பெயரும் உறுதியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்: உங்கள் பெயரில் உறுதி என்றால் கணக்கும் உங்கள் பெயரில்.

கடைசியாக உறுதி. உங்கள் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பார்க்கட்டும். பதியப்பட்ட தொடர்மாடித் திட்டப்படம் இருக்கிறதா, மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, கட்டியவர் நிலத்தை வங்கிக்கு ஈடு வைத்திருக்கிறாரா, சோலைவரியும் பராமரிப்புக் கட்டணமும் நிலுவையா என்பதையும் பார்க்க வேண்டும். திட்டப்படம் பதியாத கட்டடத்தில் உங்களுக்குத் தனி வீட்டு உறுதி வராது. வெள்ளவத்தையில் அப்படிப்பட்ட கட்டடத்தில் பளபளக்கும் குளியலறையைக் காட்டித்தான் விற்பார்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஐந்து கோடி ரூபா வீட்டுக்கு 19,99,000 ரூபா வரும். நொத்தாரிசு கட்டணம் அதற்கு மேல்.

யாழ்ப்பாணத்தவர்கள் என்றீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கலியாணத்துக்குப் பின் விலை கொடுத்து வாங்கியது தேடியதேட்டமாகும். இத்தனை வருடம் கனடாவில் வாழ்ந்தவருக்கு அந்த வழமை இன்னும் பொருந்துமா என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தை நீதிமன்றத்தில் செலவு செய்து பார்ப்பதைவிட, விற்கும் நாளில் கணவரின் சம்மதக் கையெழுத்தைச் சேர்த்துவிடுவது மலிவு. உறுதி முடிந்த அதே வாரத்தில் மரணசாதனமும் எழுதுங்கள். கணவருக்கு முந்தி உங்களுக்கு ஏதும் நடந்தால், கணவர் அப்போதும் வெளிநாட்டவராகவே இருந்தாலும், நெருங்கிய உறவினராக உரித்தின் வழி வீட்டைப் பெற 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடையில்லை.

கையெழுத்துக்கு உங்களால் வர முடியாவிட்டால், அற்றோணித் தத்துவத்தைத் துணைத்தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியுங்கள். அதில் இந்த ஒரு வீட்டை வாங்கும் அதிகாரம் மட்டும் இருக்கட்டும். விற்கும் அதிகாரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுச் சாமான்களைக் கொள்கலனில் அனுப்புவதாக இருந்தால் பெட்டிவாரியாகப் பட்டியல் வேண்டும். சுங்கத்தில் விடுவிக்கக் கடவுச்சீட்டோடு நீங்கள் இங்கே இருக்க வேண்டும், ஆகவே சாமான் உங்களுக்கு முன்னால் வந்து துறைமுகத்தில் காத்துக்கிடக்கக் கூடாது. உலர்த்தும் இயந்திரத்தை விட்டுவிட்டு வாருங்கள். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.

தரகருக்கு இப்போது சொல்ல வேண்டியது ஒன்றே: வீட்டின் உறுதிப் பிரதியையும் தொடர்மாடித் திட்டப்படத்தையும் உங்கள் சட்டத்தரணிக்கு அனுப்பட்டும். அனுப்பத் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.