முதல் சலவையில் சுருங்கும் கைப்பூவேலை: பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி: கைத்தறிப் பருத்தியில் குர்த்தி தைத்து, கழுத்திலும் பாக்கெட்டிலும் கையால் எம்பிராய்டரி செய்து சிறிய அளவில் விற்கிறேன். கொடுக்கும்போது அழகாக இருக்கிறது. ஒரு சலவை முடிந்ததும் பூவைச் சுற்றித் துணி சுருங்குகிறது, சிவப்பு நூல் சாயம் விடுகிறது, உள்பக்கம் உறுத்துகிறது என்கிறார்கள். நூலை மாற்றுவதா, ஃபிரேமை மாற்றுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் துணியைப் பாருங்கள். கைத்தறித் துணி தறியிலிருந்து கஞ்சியோடும் இழுவிசையோடும் வருகிறது. அந்த விறைப்பில் எந்தத் தையலும் படிந்து உட்கார்ந்ததுபோலத் தெரியும். முதல் தண்ணீரில் கஞ்சி கரையும், பாவு நூல்கள் (நீளவாக்கில் ஓடுபவை) தளர்ந்து உள்வாங்கும். அதுவரை மறைந்திருந்த பிழைகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

திரும்பி வந்த குர்த்தி ஒன்றை மேசையில் விரித்து, சுருக்கம் எந்த மாதிரி என்று பாருங்கள். பூ மேலே குமிழ்ந்து நிற்கிறது, சுற்றியுள்ள துணி அலையாக இருக்கிறது என்றால் துணி சுருங்கியிருக்கிறது. நெருக்கமாகத் தைத்த இடத்தில் நூல் துணியைப் பிடித்துக்கொள்வதால் அந்த இடம் சுருங்க முடியாது, வெறும் துணி மட்டும் சுருங்கும். அப்படியில்லாமல் பூவின் ஓரத்திலிருந்து கதிர்கதிராகக் கோடுகள் கிளம்பினால், நீங்கள் நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். முதல் வகைக்குத் துணியை முன்கூட்டியே அலச வேண்டும், இரண்டாவதற்குக் கையும் ஃபிரேமும் மாற வேண்டும். பல துண்டுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

துணியைத் தயார் செய்யும் முறை இது. வெட்டாத துணியில் பாவுவாக்கிலும் ஊடைவாக்கிலும் (அகலவாக்கிலும்) 20 செ.மீ. அளந்து, நூலால் நாலு மூலையிலும் அடையாளம் போடுங்கள். சோப்பு இல்லாத தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பில் அலசி, நிழலில் காயவைத்து, ஈரம் முழுதும் போகும் முன் இஸ்திரி போடுங்கள். இப்போது அளந்து பாருங்கள். 20 செ.மீ. 19 ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இன்னொரு முறை அலசி, அளவு மாறாமல் நின்ற பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். லைனிங்குக்கு வைக்கும் மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணியையும் இதேபோல அலச வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, குர்த்தியைத் தைத்துவிட்டு அதன்மேல் பூ போடாதீர்கள். வெட்டிய கழுத்து வளைவில் பல இடங்கள் கிராஸில் (நெசவுக்கு மூலைவாட்டில்) வருகின்றன, ஃபிரேமில் மாட்டினால் வாய் அகன்று போகும். கொக்கி ஊசியால் ஆரி வேலை செய்பவர்கள் ரவிக்கைத் துணியை வெட்டாமல் கட்டில் போன்ற மரச்சட்டத்தில் கட்டி, கழுத்தின் உருவத்தை வரைந்துகொண்டு தைப்பது இதனால்தான். நீங்களும் கழுத்தின் தையல் கோட்டை வேறு நிற நூலில் ஓட்டுத் தையலாகப் போட்டு, அந்தக் கோட்டிலிருந்து உடையின் பக்கமாக 6 மி.மீ. விட்டுப் பூவைத் தொடங்குங்கள். பட்டி மடிக்கும்போது தையல் மெஷினின் பாதம் பூவின்மேல் ஏறாமல் இருக்க அந்த இடைவெளி தேவை. எம்பிராய்டரி முடிந்து, இஸ்திரி போட்டு, கழுத்தை ஒருமுறை பேட்டர்னோடு ஒப்பிட்ட பின்பு வெட்டுங்கள்.

டிசைன் வரையும் நீலப் பேனா தண்ணீரில் போகும் வகை என்றால், அது முழுதும் போகும் முன் சூடு காட்டக் கூடாது. இஸ்திரிப் பெட்டி பட்டால் கோடு நிலைத்துவிடலாம். லக்னோவின் சிக்கன்காரிப் பூவேலையில் மரஅச்சால் நீலம் பதித்துத்தான் தைக்கிறார்கள். தையல் முடிந்ததும் நீலம் போகத் துவைப்பது அங்கே வேலையின் ஒரு கட்டம். விற்பனைக்குத் தைக்கும் எவரும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: முதல் சலவை உங்கள் கையில் நடக்கட்டும்.

ஃபிரேமுக்கு வருவோம். 15 செ.மீ. மர வளையம் போதும். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றுங்கள், துணி வழுக்காது. துணியைப் பாவுவாக்கிலும் ஊடைவாக்கிலும் மட்டும் இழுத்து இறுக்குங்கள். மூலைவாட்டில் இழுத்தால் நெசவு கோணலாகி, கழற்றியதும் பூவும் கோணலாகும். விறைப்பாகக் கட்டிய துணியில் ஊசியை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை என்று இரண்டு அசைவாகக் குத்த வேண்டும். ஒரே அசைவில் கோத்து எடுக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் நூலை இறுக்குகிறது. நூல் துணியைத் தொட்டதும் கை நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சுண்டுகூட வேண்டாம். வேலையை நிறுத்தும்போதெல்லாம் ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள்.

கடைகளில் கிடைக்கும் 8 மீட்டர் பருத்தி நூல் கண்டில் ஆறு இழை இருக்கும். 45 செ.மீ. வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து, பிறகு இரண்டைச் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிரித்தால் முறுக்கு சிக்கி, தையல் சமமாக விழாது. மெல்லிய கைத்தறிக்கு இரண்டு இழையும் 9ஆம் எண் எம்பிராய்டரி ஊசியும் பொருந்தும். ஆறு இழையில் தைத்த பூ படத்தில் எடுப்பாகத் தெரியும், ஆனால் அந்த எடையை மெல்லிய துணி தாங்காது. இழைகளை அருகருகே படுக்கவைத்து நிரப்பும் சாட்டின் தையலின் நீளம் 7 மி.மீ. தாண்டினால் வளையலிலும் பையிலும் மாட்டி இழுபடும். பெரிய இதழ்களை நடுவில் பிரித்து, குட்டையும் நெட்டையுமாக நிரப்புங்கள். கழுத்து வளைவுக்குச் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் நல்லவை, துணியோடு வளைந்து கொடுக்கும். பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் ரேயான் நூலை அடிக்கடி துவைக்கும் உடையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நனைந்தால் பலம் வெகுவாகக் குறையும், பிழியும்போது அறுந்து பிசிறும்.

சாயத்துக்கு ஒரே வழி சோதனைதான். வெள்ளைத் துணித் துண்டில் சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றிலும் பத்துப் பத்துத் தையல் போட்டு, சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இன்னொரு வெள்ளைத் துணிக்கு நடுவில் ஈரத்தோடு அழுத்தி வையுங்கள். கறை தெரிந்தால் அந்தக் கண்டு வேண்டாம். புதுக் கண்டு வாங்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கும் நீலகிரித் தோடர் பூத்தையலின் (2013இல் புவிசார் குறியீடு பெற்றது) பாணியை விரும்பித் தைப்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களில்தான் அதற்கு வேலை உண்டு, பருத்தியில் பயனில்லை.

உறுத்தலுக்குக் காரணம் பின்பக்க முடிச்சுகள். முடிச்சே போடாமல், நூல் முனையைப் பின்புறத்தில் நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து, அரை செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்ததற்கு 1 செ.மீ.க்கு மேல் நூலைத் தாவவிடாதீர்கள். வெளிர் துணியில் அது முன்பக்கமும் தெரியும். கழுத்தில் படும் இடம் முழுவதையும் மல்மல் பட்டியால் மூடிவிடுவது நல்லது.

திரும்பி வந்தவற்றையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். சாயம் இறங்கியதைக் காயவிடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து மூழ்கவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஏற்கெனவே காய்ந்து இஸ்திரி போட்டதென்றால் கறை முழுதும் போவது கடினம். குமிழ்ந்த பூவுக்கு, குர்த்தியை நனைத்து, தடித்த துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, துணியை நெசவு வாக்கில் இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்திக் காயவிடுங்கள். கடைசியில் பின்புறம் நீராவி காட்டுங்கள். பாதிக்கு மேல் படிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு சலவைக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை வாங்கியவரிடம் சொல்லிவிடுங்கள். கதிர்கதிராக இழுத்த பூவுக்கு இஸ்திரி உதவாது. அந்த இதழின் நூலை மட்டும் பின்புறமிருந்து வெட்டி எடுத்து, தளர்வாக மறுபடி தைத்துக் கொடுங்கள்.