புத்தரின் கதை ஐரோப்பிய வாசகர்களை எப்படி எட்டியது?

ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பிறகுதான் மேலைநாட்டார் புத்தரின் கதையைப் படித்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது, ஆனால் புத்தரின் பெயர் இல்லாமல். அரண்மனையைத் துறந்த இளவரசனின் கதை அரபு, ஜார்ஜிய, கிரேக்க மொழிகள் வழியாக நகர்ந்து, இடைக்கால ஐரோப்பாவில் ஜோசபாத் என்ற கிறித்தவப் புனிதரின் வரலாறாகவே வாசிக்கப்பட்டது. நம்பவே முடியாத பயணம் இது!

நூல்கள் நேரடியாகப் போனது 19-ஆம் நூற்றாண்டில். நேபாளத்தில் பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சன் சமஸ்கிருதச் சுவடிகளைத் திரட்டிப் பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சு அறிஞர் யூஜின் பர்னூஃப் அவற்றைப் படித்து, 1844-இல் இந்திய பௌத்த வரலாற்றுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளுக்கு அடித்தளம் அதுதான் என்பேன்.

அப்புறம் இலங்கை. அங்கே அரசுப் பணிக்கு வந்த ரைஸ் டேவிட்ஸ், யாத்ராமுல்லே என்ற பிக்குவிடம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியைக் கற்றார். 1881-இல் அவர் தொடங்கிய பாலி நூல் சங்கம், ஓலைச்சுவடிகளில் இருந்தவற்றை ரோமன் எழுத்தில் அச்சேற்றியது. அந்தப் பிக்குவைப் போன்ற ஆசிரியர்களின் பெயரை இன்று பலரும் சொல்வதில்லை. அது வருத்தமாக இருக்கிறது.

சாதாரண வாசகர்களிடம் புத்தரைக் கொண்டுசேர்த்தது எட்வின் ஆர்னால்டு 1879-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆசியாவின் ஒளி’ என்ற காவியம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘ஆசிய ஜோதி’யைப் பாடியது அதைத் தழுவித்தான்.